மூன்று சல்லடைகள்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் வீட்டில் மாவு இடித்துச் சலிக்கும் வேலை தொடங்கிவிடும். ஆச்சி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, பழைய வேட்டியை விரித்து, சல்லடையை இரண்டு கையாலும் ஆட்டிக்கொண்டிருப்பாள். சுற்றிலும் பேத்திகள் நாங்கள் நாலைந்து பேர் இருப்போம். யாராவது ஒருத்தி பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் சல்லடை அப்படியே நின்றுவிடும்.

"ஏட்டி, சலிச்சியா?" என்பாள் ஆச்சி.

அவள் கேட்பது மாவைப் பற்றி அல்ல என்று எங்களுக்குத் தெரியும். சொல்லப்போவது உண்மையா, அன்பானதா, அவசியமானதா என்ற மூன்று சல்லடைகளையும் கடந்து விழுவதை மட்டும்தான் வாயால் சொல்ல வேண்டும். இரண்டில் விழுந்து மூன்றாவதில் தங்கிவிட்டால் அதை விழுங்கிவிட வேண்டும். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லிக் கொடுத்தது என்பாள். களக்காட்டு மலையடிவாரத்து எங்கள் கிராமத்தில் ஆச்சியின் நாவடக்கத்துக்குப் பெரிய பெயர் இருந்தது. மருமகளோடு சண்டை போட்டவர்களும், சண்டை போட்ட அந்த மருமகள்களும், ஐயரம்மாவும்கூட அவளிடம் வந்து மனசைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஒன்றும் வெளியே வராது. அவள் இறந்தபோது உபதேசியார் ஜெபத்தில் சொன்னது இந்த ஒரு குணத்தைத்தான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மா சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தையில்தான் எனக்கு விஷயம் தெரிய வந்தது. என் அத்தைக்கு இடது காது கேட்காது. சின்னப் பிள்ளையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். உண்மையில் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் மாமா அறைந்த அறையில் போன காது அது. ஆச்சிக்கு அன்றைக்கே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அத்தையையும் சொல்ல விடவில்லை. ஆண்டவரிடம் மட்டும் சொல்லு என்றிருக்கிறாள். அத்தை இருபத்தைந்து வருஷம் அப்படியே செய்தாள்.

அன்றிலிருந்து ஆச்சியின் மூன்று சல்லடைகளோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அவற்றைத் தூக்கி எறியவும் முடியவில்லை, பழையபடி நம்பவும் முடியவில்லை. பேச்சை அடக்குவது எப்போது விசுவாசம், எப்போது உடந்தை? இந்தக் கட்டுரையில் நான் கேட்டுப் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அந்தச் சல்லடைகளின் வரலாற்றைத் தேடிப் போனால் எங்கள் பக்கத்து ஊரிலேயே கொண்டுபோய் விடுகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே, மலையை ஒட்டி டோனாவூர் இருக்கிறது. ரேனியஸ் பாதிரியார் காலத்தில், பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா என்பவரின் நன்கொடையில் உருவான ஊர் என்பதால் அந்தப் பெயர். வட அயர்லாந்தில் 1867ல் பிறந்து, 1895ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், 1901 முதல் 1951ல் இறக்கும் வரை அங்கேதான் வாழ்ந்தார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும், கோயில்களுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட இருந்த சிறுமிகளுக்கும் அவர் உண்டாக்கிய இல்லம் இன்றும் இயங்குகிறது. ஒருவரைப் பற்றி எதைச் சொல்லும் முன்னும் அது உண்மையா, அன்பானதா, தேவையானதா என்று மூன்று சல்லடைகளில் சலித்துப் பார்க்கச் சொன்னவராக அவரை நினைவுகூர்கிறார்கள். இதே மூன்று கேள்விகளை சாக்ரடீஸ் பெயரிலும் சொல்வதுண்டு. கார்மைக்கேலோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு விதியும் உண்டு: ஒருவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதே, பேச வேண்டியதை அவரிடமே பேசு.

நூற்றுக்கணக்கான குழந்தைகளும் பெண்களும் ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழும் இடத்தில் இந்த விதி எவ்வளவு அவசியம் என்பது விடுதியில் படித்த எந்தப் பெண்ணுக்கும் புரியும். ஒருத்தியின் கடிதத்தை இன்னொருத்தி படித்ததும், ஒருத்தியின் மாதவிடாய் தள்ளிப்போனதும் ஒரே இரவில் முப்பது கட்டில்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். புறம் பேசுவது பெண்களை எவ்வளவு காயப்படுத்தும் என்பதைப் பெண்களாகிய நாம் மறைக்க வேண்டியதில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் கணவரைப் பிரிந்து வாழும் ஒரு தோழி உள்ளே நுழையும்போது பேச்சு சட்டென்று நிற்கும். அந்த ஒரு நொடி அமைதியில் அவள் முகம் எப்படி மாறும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தைய நொடி பேசிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். ஆகவே நாவடக்கம் என்பதே பெண்களை ஒடுக்கக் கண்டுபிடித்த சூழ்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது. அது தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன.

ஆனால் சல்லடையைப் பற்றிச் சொன்ன அதே கார்மைக்கேல் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1901 மார்ச்சில், அவர் பண்ணைவிளையில் தங்கியிருந்தபோது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். ப்ரீனா என்று அவர் எழுதும் அந்தக் குழந்தை, முன்பும் ஒருமுறை ஓடித் தாயிடமே போய், தாயால் திருப்பி ஒப்படைக்கப்பட்டு, கைகளில் சூடு போடப்பட்டவள். அந்தச் சிறுமி சொன்னதைக் கேட்ட பிறகுதான் கார்மைக்கேலின் வாழ்க்கை திசை மாறியது. 1903ல் வெளிவந்த அவருடைய புத்தகம், இங்குள்ள ஊழியம் வெற்றி மேல் வெற்றி என்று கேட்டுப் பழகிய இங்கிலாந்து வாசகர்களுக்கு, இங்கே இருப்பதை இருப்பது போலவே சொல்ல முயன்றது. அதைப் படிக்கப் பலருக்குப் பிடிக்கவில்லை. இதையெல்லாம் வெளியே சொல்ல வேண்டுமா என்ற கேள்வி அவரையும் சுற்றி வந்தது. அவர் சொன்னார்.

அவரைப் புனிதராக்குவது என் நோக்கமல்ல. ஆட்சி செய்யும் நாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் அவர். நம் சமூகத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் இன்று நாம் மறுத்து வாதாட வேண்டியவை நிறைய. ப்ரீனா சொன்னதும் அவருடைய ஆங்கிலத்தின் வழியேதான் நமக்குக் கிடைக்கிறது. ஒருவரிடமே நேராகப் பேசு என்ற விதியும், ஒருவர் எல்லோருக்கும் 'அம்மா'வாகவும் மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகளாகவும் இருக்கும் வீட்டில் இரண்டு பக்கமும் ஒரே எடையில் இருந்திருக்க முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கோயில் வீட்டுப் பெண்களைப் பற்றி அந்தச் சிறுமி பேசிய பேச்சைப் புறங்கூறல் என்று கார்மைக்கேல் தள்ளவில்லை. அந்தச் சல்லடைகள் ப்ரீனாவின் வாய்க்கு வைக்கப்பட்டவை அல்ல. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள்தான் அவை அத்தையின் வாய்க்கு வந்துவிட்டன.

இந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது என்று தமிழ் படித்தவளாக யோசிக்கிறேன். திருக்குறளில் அடக்கமுடைமை 13ஆம் அதிகாரம், புறங்கூறாமை 19, பயனில சொல்லாமை 20. நாவைக் காக்கச் சொல்லும் குறள் இந்த முதல் அதிகாரத்தில்தான் வருகிறது. மூன்றுமே இல்லறவியலில் உள்ளவை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வள்ளுவர் அளந்து கொடுக்கவில்லை. ஆனால் நான் படித்த காலத்திலிருந்து இன்று வரை அந்தக் குறளைப் பெண்கள் விடுதிச் சுவர்களில் பார்த்த அளவுக்கு ஆண்கள் விடுதியில் பார்த்ததில்லை. அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியக் களவியல் வகுத்த மரபு, பொதுவாகச் சொல்லப்பட்ட அடக்கத்தையும் மெல்ல இழுத்துப் பெண்ணின் கணக்கில் எழுதிவிட்டது. விதி எல்லோருக்கும்; அதை நினைவூட்டுவது மட்டும் நமக்கு.

வேதாகமத்துக்கும் இதுவே நடந்திருக்கிறது. நாவைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசுவது யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். சிறு நெருப்பு பெரிய காட்டைக் கொளுத்திவிடும் என்ற உவமை அங்கேதான் வருகிறது. எங்கள் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் இந்தப் பகுதியைப் பற்றிய தேவசெய்தியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். அது போதகர்களை நோக்கிய எச்சரிக்கை. உங்களில் அநேகர் போதகராக முன்வராதீர்கள், நமக்குக் கிடைக்கும் தீர்ப்பு அதிகக் கடுமையானது என்ற பொருளில்தான் அந்தப் பேச்சே தொடங்குகிறது. அதாவது நாவடக்கம் முதலில் கேட்கப்படுவது மேடையும் ஒலிபெருக்கியும் உள்ளவர்களிடம். பிரசங்க பீடத்தில் நிற்பவரிடம். வகுப்பறையில் ஐம்பது நிமிடம் எதிர்ப்பேச்சு இல்லாமல் பேசும் என்னைப் போன்றவளிடம்.

சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்று காட்டப்படும் கொரிந்தியர் முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தையும் முழுதாக வாசித்தால், அங்கே அமைதியாக இருக்கச் சொல்லப்பட்டவர்கள் மூன்று கூட்டத்தார். அர்த்தம் சொல்ல ஆளில்லாதபோது அந்நிய பாஷையில் பேசுகிறவர் பேசாதிருக்க வேண்டும். இன்னொருவருக்கு வெளிப்பாடு கிடைத்தால், பேசிக்கொண்டிருக்கும் தீர்க்கதரிசி நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவதாகத்தான் பெண்கள் வருகிறார்கள். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பெண்கள் ஜெபிப்பதும் தீர்க்கதரிசனம் சொல்வதும் நடக்கிற காரியமாகவே பேசப்படுகிறது. முதல் இருவரும் மறக்கப்பட்டு மூன்றாமவர் மட்டும் நினைவில் தங்கியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1947ல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2013ல். நந்தியாலில் புஷ்ப லலிதா பேராயராக அபிஷேகம் பெறுவதற்கு 66 ஆண்டுகள் ஆயின.

உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் கொண்டுவந்தவர்கள் பெண்கள். அவர்கள் சொன்னது சீஷர்களுக்கு வெறும் பிதற்றலாகப் பட்டது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். கிறிஸ்தவ விசுவாசம், ஆண்கள் ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கிய ஒரு பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது. உண்மையா, அன்பானதா, அவசியமானதா என்று சலிக்கும் கை யாருடையது என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது.

அத்தையிடம் ஆச்சி சொன்னது, இயேசுவே வாய் திறக்கவில்லையே என்பது. ஏரோதின் முன் அவர் பேசவில்லை என்பது உண்மைதான். வேடிக்கை பார்க்க ஆசைப்பட்ட அதிகாரிக்கு அவர் ஒரு வார்த்தைகூடத் தரவில்லை. ஆனால் அதற்கு முந்தைய இரவில், பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அவரை அறைந்தபோது என்ன நடந்தது என்று யோவான் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை எடுத்துக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்டார். அறை வாங்கிய ஒருத்திக்கு எடுத்துக்காட்ட வேண்டிய பகுதி இதுதான். எங்கள் வீட்டில் யாரும் அதை எடுக்கவில்லை. ஒருவேளை ஆச்சிக்கும் யாரும் எடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

இங்கே என் தவறையும் சொல்லியாக வேண்டும். ஆச்சி மேல் மட்டும் வழக்குப் போட எனக்கு உரிமை கிடையாது.

2013ல் சட்டம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில், இளங்கலை மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் என்னிடம் வந்தாள். ஓர் ஆசிரியர் ராத்திரியில் போன் செய்வதையும், நோட்டுத் திருத்தித் தரும்போது கையைப் பிடிப்பதையும் சொன்னாள். சொல்லி முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஜெபம் செய்தேன். பிறகு, பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, இதை யாரிடமும் பேசாதே, உன் பெயர்தான் கெடும், வாயைக் காத்துக்கொள் என்றேன். சொல்லும்போது என் குரலில் ஆச்சியின் குரல் கேட்டது எனக்கே தெரிந்தது. அதில் ஒரு பெருமையும் இருந்தது. 1997லேயே விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு பணியிடத்திலும் புகார்க் குழு வேண்டும் என்று சொல்லிவிட்டது. எனக்கு அது தெரியும். கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன்.

அவள் டிகிரி முடித்துப் போனாள். எம்.ஏ. சேருவாள் என்று எதிர்பார்த்தேன், சேரவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில், கைக்குழந்தையோடு அவளே என்னை அடையாளம் கண்டு பேச வந்தாள். நலம் விசாரித்தாள். பஸ் கிளம்பப் போகும்போது சொன்னாள்:

"நீங்க பேசாம இருந்ததுகூட எனக்குப் பெருசா தெரியல மிஸ். என்னையும் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டீங்கள்லா, அதுதான்."

நாவடக்கம் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது. என் நாவை நான் அடக்குவது ஓர் ஒழுக்கம். இன்னொருத்தியின் நாவை நான் அடக்குவது ஒழுக்கமாகாது. அது அதிகாரம். உபவாசம் போலத்தான் இதுவும். நான் என் விருப்பத்தில் பட்டினி கிடந்தால் அதற்கு உபவாசம் என்று பெயர். உன் தட்டை நான் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. இரண்டிலும் வயிறு காலியாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் வாயடைக்கப்பட்ட பெண்களை அடக்கமான பெண்கள் என்று நம்மால் இவ்வளவு காலம் புகழ முடிந்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய பழைய ஆலயத்தைக் கடக்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். தஞ்சாவூர்ப் பிராமண விதவை அவர். ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்ததால் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டு, அவர் இறந்த பிறகு 1778ல் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் அதைப் பெற்றார். 1780ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் உள்ள 40 பேரில் முதல் பெயர் அவருடையது. 1785ல் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றும் ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். திருநெல்வேலிச் சபையின் கதையே ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அவரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பாதிரியார்களின் குறிப்புகள் வழியாகவும், 1915ல் அ. மாதவையா ஆங்கிலத்தில் எழுதிய நாவல் வழியாகவும்தான். அவர் அடக்கமாகப் பேசினாரா, அதிகம் பேசினாரா? பதிவு அவர் பேச்சைக் கேட்கவில்லை. கேட்கப்படாததை அடக்கம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் சல்லடைகளை என்ன செய்வது? அவற்றை நான் வைத்துக்கொள்ளத்தான் நினைக்கிறேன். ஒரே ஒரு மாற்றம்: பேச்சைச் சலிப்பதுபோல மௌனத்தையும் சலிக்க வேண்டும்.

என் மௌனம் உண்மையானதா? ஆச்சியின் மௌனம் இந்த முதல் சல்லடையிலேயே தங்கிவிடும். அதைக் காப்பாற்ற ஒரு கிணற்றடியை உருவாக்க வேண்டியிருந்தது. வழுக்கி விழுந்த ஒரு சிறுமியை உருவாக்க வேண்டியிருந்தது. எந்த மௌனம் நிலைக்க ஒரு பொய் தேவைப்படுகிறதோ அது நாவடக்கம் ஆகாது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆச்சிக்காக நான் அந்தக் குறளையும் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பொய்யால் மாமாவுக்கு ஊரில் பெயர் கிடைத்தது, கோயில் கமிட்டியில் இடம் கிடைத்தது. அத்தைக்கு என்ன கிடைத்தது?

என் மௌனம் அன்பானதா? யார் மேல் அன்பு என்று கூடவே கேட்க வேண்டும். அந்த மாணவியிடம் நான் பேசும்போது அவள் மேல் அன்பாகத்தான் பேசுகிறேன் என்று நம்பினேன். இப்போது யோசித்தால் அதில் பாதி என் வேலைமேல் இருந்த அன்பு. கால்வாசி அந்த நிறுவனத்தின் பெயர்மேல் இருந்த அன்பு.

என் மௌனம் அவசியமானதா? யாருக்கு? சில நேரம் அது மிக அவசியம். இப்போது நான் வேறொரு கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் இருக்கிறேன். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் கொடுத்தவரின் பெயரையும் புகாரின் உள்ளடக்கத்தையும் விசாரணை விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் மாணவிகளுக்கும் இந்தப் பாதுகாப்பைக் கொண்டுவந்தன. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது யாராவது சிநேகமாகத் தோளில் கைபோட்டு, "என்ன விஷயமாம்?" என்பார்கள். அப்போது வாயை மூடிக்கொள்வது உண்மையாகவே கஷ்டம். தெரிந்ததைச் சொல்வதில் ஒரு ருசி இருக்கிறது. அதை அடக்கும்போதுதான் இது ஏன் தவம் என்று சொல்லப்படுகிறது என்று புரிகிறது. இந்த மௌனம் அந்தப் பெண்ணின் பேச்சுக்குக் காவல் நிற்கிறது. அவள் பேசியதால்தான் நான் பேசாமல் இருக்கிறேன்.

முதல் சல்லடையைப் பெண்களுக்கு எதிராகத் திருப்புவதும் நடக்கிறது. உண்மை என்று நிரூபிக்க முடியுமா, முடியாவிட்டால் எப்படிப் பேசலாம் என்பார்கள். அதே சட்டம் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. தீய நோக்கோடு தரும் பொய்ப் புகாருக்கு நடவடிக்கை உண்டு. ஆனால் ஆதாரம் காட்ட முடியவில்லை என்பதால் மட்டும் ஒரு புகார் பொய்ப் புகார் ஆகிவிடாது.

ஒருவரைப் பற்றி அல்ல, ஒருவரிடமே பேசு என்ற விதி சமமானவர்களுக்கிடையே அருமையான விதி. என் தோழியோடு எனக்குள்ள கோபத்தை அவளிடமே சொல்ல வேண்டும். ஆனால் பத்தொன்பது வயதுப் பெண் தன் ஆசிரியரிடம் தனியாகப் போய் எதைச் சொல்வாள்? அந்த அறைக்குத் தனியாகப் போகாதே என்று மூத்த மாணவிகள் இளைய மாணவிகளிடம் கிசுகிசுப்பதைப் புறங்கூறல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காஸிப் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமே ஞானப் பெற்றோரைக் குறிக்கும் பழைய சொல்தான். பிள்ளைப்பேற்றின்போது தாயைச் சூழ்ந்திருக்கும் பெண்களுக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு அவர்கள் பேசிய பேச்சுக்கே வசைப்பெயர் ஆகிவிட்டது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய்ப் பேசச் சொல்லும் மத்தேயு 18ஆம் அதிகாரமும் அதோடு நிற்பதில்லை. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லச் சொல்கிறது. எங்கள் ஊர்களில் முதல் படியை மட்டும் போதித்துவிட்டு மற்ற இரண்டு படிகளையும் உடைத்துவிட்டோம்.

ஒவ்வொரு வருஷமும் லெந்து நாற்பது நாளும் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அறையில் இல்லாத பெண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும் வரை நான் வாய் திறப்பதில்லை. ஏழு எட்டு எண்ணும்போதுதான் கடைசி பெஞ்சில் இருக்கும் பெண் தலையைத் தூக்குவாள். அதுவரை அவளுக்குக் கிடைக்காமல் போன நேரமெல்லாம் என் பேச்சால் நிறைந்திருந்தது.

சென்ற லெந்தில் அத்தையைப் பார்க்கப் போனேன். மாமா இப்போது இல்லை. வலது பக்கம் உட்கார்ந்தால்தான் அவளுக்குக் கேட்கும். காப்பி குடித்த பிறகு, "அத்தை, கிணத்தடி கதையைச் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். இருட்டும் வரை சொன்னாள். நடுவில் எத்தனையோ இடத்தில் எனக்குப் பேச வாய் வந்தது. ஆறுதல் சொல்ல வேண்டும், ஆச்சிக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும், நான் படித்ததை எல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் நாவடக்கம் என்று நான் உண்மையாகப் பழகியது அந்த மூன்று மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

"எல்லாரும் என் நல்லதுக்குத்தான் பேசாம இருந்தாவ" என்று முடித்தாள் அத்தை. அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது, இதை எழுதலாமா என்று கேட்டேன். யோசித்தாள்.

"எழுதேன். பேரு மட்டும் போடாத" என்றாள்.